பழைய பொம்மை ரோபோவைத் தூசி உறிஞ்சியாக்குவது: வேலையைத் தரையிலிருந்து தொடங்குங்கள்

1980-களில் வந்த, டோமி என்ற பொம்மை நிறுவனத்தின் ஆம்னிபாட் வகையைச் சேர்ந்த பெரிய பிளாஸ்டிக் ரோபோ ஒன்றும், அதற்கும் முந்தைய தகர ரோபோக்கள் சிலவும் கையில் இருக்கின்றன; அவற்றின் உருவத்தைக் கெடுக்காமல், வீட்டுத் தரையை உண்மையாகவே சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனர்களாக மாற்ற முடியுமா, முடியுமென்றால் எவ்வளவு சக்தியுள்ள மோட்டாரைப் பொருத்த வேண்டும் என்பது கேள்வி. முடியும். ஆனால் மோட்டாரைப் பற்றிய கேள்வியை மூன்றாவதோ நான்காவதோ இடத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். தூசி எடுப்பது தரையை ஒட்டியிருக்கும் உறிஞ்சு வாயும் அதற்குப் பின்னாலுள்ள காற்றுப் பாதையும்தான்; ரோபோவின் உடல் அதற்கு மேல் போர்த்தப்படும் சட்டை. முதலில் நன்றாக உறிஞ்சும் ஒரு சிறிய இயந்திரத்தைத் தனியாகச் செய்து முடித்துவிட்டு, பிறகு அதற்கு ரோபோவை அணிவிப்பவர்களுக்கு வேலை கைகூடுகிறது. ரோபோவைத் திறந்து, உள்ளே எங்கே இடமிருக்கிறது என்று தேடத் தொடங்குபவர்களிடம் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இரைச்சல் போடும் பொம்மை மட்டுமே.

இந்த எண்ணம் பொம்மை செய்தவர்களுக்கே தோன்றிய ஒன்றுதான். 1980-களின் நடுவில் டோமி நிறுவனமே டஸ்ட்பாட் என்ற சின்னஞ்சிறு ரோபோவை விற்றது. கையில் துடைப்பமும் முறமும் ஏந்திக்கொண்டு மேசை மேல் நகர்ந்து, விளிம்பு வந்ததும் திரும்பிக்கொண்டு, அடியிலுள்ள சிறு துளையால் துணுக்குகளை உறிஞ்சிக்கொள்ளும் அந்தப் பொம்மை, மேசைக்கு வெளியே எந்தப் பயனும் இல்லாதது. ஆனாலும் அது வாக்களித்த வேலையைச் செய்தது. தரைக்கு அப்படியொன்று வர மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எலக்ட்ரோலக்ஸ் டிரைலோபைட் 2001-இலும் ஐரோபாட் ரூம்பா 2002-இலும்தான் கடைக்கு வந்தன. இந்த இடைவெளிக்குக் காரணம் ரோபோக்களின் அறிவுக்கூர்மைக் குறைவு மட்டுமன்று. சிறிய பேட்டரியிலிருந்து கிடைக்கும் அற்பமான காற்றுச் சக்தியைக் கொண்டு தரையைச் சுத்தம் செய்வது எப்படி என்பதும் கடினமான பகுதி. பழைய பொம்மையை மாற்ற முனையும் எவரும் சந்திக்கும் சிக்கலும் அதுவே என்பதால், அதைக் கொஞ்சம் எண்களோடு பார்த்துவிடுவது நல்லது.

காற்றின் உறிஞ்சு சக்தி என்பது அழுத்த வேறுபாட்டையும் ஒரு விநாடியில் நகரும் காற்றின் அளவையும் பெருக்கி வருவது. ஆயிரம் பாஸ்கல் அழுத்தத்தில் விநாடிக்கு 5 லிட்டர் காற்று நகர்ந்தால் கிடைப்பது 5 வாட். சிறிய மோட்டாரும் சிறிய காற்றாடியும் சேர்ந்து தங்களுக்குக் கொடுக்கப்படும் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் காற்றாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால், அந்த 5 வாட்டுக்கு 20 முதல் 25 வாட் மின்சாரம் செலவாகும். காரில் பயன்படுத்தும் 12 வோல்ட் கைவாக்குவம் ஒன்றைப் பிரித்து அதன் மோட்டாரை அப்படியே ரோபோவுக்குள் வைத்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது 60 வாட்டுக்கு மேல் கேட்கும். ரோபோவில் பழைய 6 வோல்ட் காரீய-அமில பேட்டரி இருந்து, அது 4 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது என்று கொண்டால், மொத்தச் சேமிப்பு 24 வாட்-மணி. காகிதக் கணக்கில் அது 24 நிமிடம் ஓட வேண்டும். ஆனால் இவ்வகைப் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியரை ஒரேயடியாக இழுக்கும்போது அதன் கொள்ளளவில் பாதிகூடக் கைக்கு வராது என்பதால், பத்து நிமிடத்தில் ரோபோ நின்றுவிடும். இதற்கு நேர் எதிரான தவறு, கணினிப் பெட்டியைக் குளிர்விக்கும் தட்டையான காற்றாடியைப் பொருத்துவது. அது நிறையக் காற்றைத் தள்ளுவதுபோல் கைக்குத் தெரிந்தாலும், அதன் அழுத்தம் சில பத்துப் பாஸ்கல்தான். முன்னால் ஒரு ஃபில்டரை வைத்தவுடனேயே காற்று ஏறக்குறைய நின்றுபோகும். தேவைப்படுவது மையத்தில் காற்றை வாங்கி விளிம்பு வழியாக வீசும் நத்தைக்கூட்டு வடிவ புளோயர். வீட்டு ரோபோ வாக்குவங்களுக்கான உதிரி பாகமாகவே அது கிடைக்கிறது.

இவ்வளவு சிறிய சக்தியைக் கொண்டு தரை எப்படிச் சுத்தமாகிறது என்பதற்கு விடை வாயின் இடைவெளியில் இருக்கிறது. 150 மில்லிமீட்டர் அகலமும் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள ஒரு பிளவு வழியாக விநாடிக்கு 5 லிட்டர் காற்று நுழைந்தால், அங்கே அதன் வேகம் விநாடிக்கு 13 மீட்டர். மண்துகளையும் நொறுங்கிய தீனித் துணுக்கையும் கிளப்பிக்கொண்டு போக அது போதும். அதே காற்று, அதே அகலம், ஆனால் இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால் வேகம் 3 மீட்டருக்குச் சற்று மேல். பஞ்சும் முடியும்கூட அசைந்து கொடுத்துவிட்டு அங்கேயே கிடக்கும். ரோபோவின் அடித்தட்டில் வட்டமாக ஒரு துளை போட்டுக் குழாயைச் செருகிவிடுகிறவர்கள் இழப்பது இந்த வேகத்தைத்தான். ஆகவே வாய் நீளமான, ஒடுங்கிய பிளவாக இருக்க வேண்டும். அதன் பின் உதட்டில் தரையைத் தொட்டுக்கொண்டு வரும் மெல்லிய ரப்பர் பட்டையும், முன் உதட்டில் துணுக்குகள் நுழைவதற்கான சிறு வெட்டுகளும் இருக்க வேண்டும். முடிந்தால் முன்னால் ஒரு சுழல் பிரஷ். உண்மையில், குறைந்த சக்தி கொண்ட இயந்திரத்தில் வேலையில் பெரும் பங்கைச் செய்வது பிரஷ்தான். அது குப்பையைக் கிளப்பிப் பிளவை நோக்கி எறிகிறது. காற்று அதை ஏந்திக்கொள்கிறது. உறிஞ்சு மோட்டாரை இரட்டிப்பாக்குவதைவிட ஒரு நல்ல பிரஷ்ஷைச் சேர்ப்பது அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

வாயைக் கட்டமைப்போடு இறுக்கமாகப் பொருத்துவதா, மேலும் கீழும் மிதக்கும்படி தொங்கவிடுவதா என்பதிலும் கவனம் வேண்டும். 150-க்கு 30 மில்லிமீட்டர் பரப்புள்ள வாய்க்குள் ஆயிரம் பாஸ்கல் குறைவழுத்தம் உருவானால், அது ஏறத்தாழ 450 கிராம் எடையை வைத்ததுபோல் தரையை நோக்கி இழுபடும். மிதக்கும் வாயாக இருந்தால் அந்த இழுப்பு தரையோடு உராய்வை உண்டாக்கி, பொம்மைக்கென்று செய்யப்பட்ட சிறு கியர் மோட்டார்களைத் திணறடிக்கும். வாயின் இரு முனைகளிலும் சிறு உருளைகளைப் பொருத்தி, இடைவெளி ஒருபோதும் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போகாதபடி செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இழுசக்கரங்கள் வழவழப்பான பிளாஸ்டிக்காக இருந்தால், அவற்றின் மேல் ஒரு ரப்பர் வளையத்தை ஏற்றுவதும் கட்டாயம்.

காற்றுப் பாதையின் வரிசை மாறக் கூடாது: வாய், குப்பைப் பெட்டி, ஃபில்டர், காற்றாடி, வெளியேறும் வழி. காற்றாடியைக் குப்பைப் பெட்டிக்கு முன்னால் வைத்தால் மண்ணும் முடியும் அதன் இலைகளிலேயே போய் விழும். ரோபோவின் வயிற்றையே குப்பைப் பெட்டியாகப் பயன்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வருவதுண்டு. அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. பொம்மை உடலின் ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு திருகுத் துளையும் காற்றைக் கசியவிடும், அந்தக் கசிவு முழுவதும் வாயில் இழக்கும் வேகம். உள்ளே தனியாக, ஒரு மூடி மட்டும் உள்ள, நுரை ரப்பர் விளிம்பால் அடைபடும் பெட்டியை வையுங்கள். 30 மில்லிமீட்டர் குழாய் 10 சென்டிமீட்டர் சதுரமுள்ள பெட்டிக்குள் திறந்தால் காற்றின் வேகம் பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கனமான துகள்கள் ஃபில்டரை எட்டுமுன்பே கீழே விழுந்துவிடும். ஃபில்டர் மடிப்பு மடிப்பாக, பரப்பு மிகுந்ததாக இருக்கட்டும். கசிவைக் கண்டுபிடிக்க மெல்லிய டிஷ்யூத் தாளின் ஒரு கீற்றை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடித்துப் பார்த்தால் போதும். எங்கே அது உள்நோக்கி ஒட்டிக்கொள்கிறதோ அங்கே சிலிகான் பூச வேண்டும். வெளியேறும் காற்றைத் தரைப்பக்கம் விட்டால், ரோபோ தான் எடுக்கவேண்டிய தூசியைத் தானே ஊதித் தள்ளிக்கொண்டு போகும். ஆம்னிபாட் போன்றவற்றில் ஸ்பீக்கருக்கென்று ஏற்கெனவே இருக்கும் துளைகள் இதற்கு அழகாகப் பயன்படும். புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை.

எந்தப் பொம்மை எதற்குத் தகும் என்பதை இந்த அளவுகளே தீர்மானித்துவிடுகின்றன. கால்களை மாறி மாறி இழுத்து நடக்கும் தகர ரோபோக்களை விட்டுவிடுங்கள். அவற்றின் அடியில் வாய்க்கு இடமுமில்லை, நடை தரும் குலுக்கலில் இடைவெளியும் நிலைக்காது. சுவரில் முட்டியதும் தானாகத் திரும்பிப் போகும் பழைய ஜப்பானியத் தகர ரோபோக்கள் வேறு கதை. அவற்றின் வயிற்றின் அடியில் இழுசக்கரம் ஒரு சுழலும் தட்டில் பொருத்தப்பட்டிருக்கும்; முன்னே போக முடியாதபோது தட்டு சுழன்று சக்கரத்தின் திசை மாறும். ஒரு சென்சாரோ சிப்போ இல்லாமல், முட்டித் திரும்பி அறை முழுவதும் அலையும் இந்த முறையும், தொடக்ககால ரூம்பாக்கள் அறையைச் சுற்றிவந்த முறையும் அடிப்படையில் ஒன்றுதான் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. இத்தகைய ரோபோவை டஸ்ட்பாட் பாணியில் மேசைத் துணுக்கு உறிஞ்சியாக மாற்றலாம், ஆனால் விளிம்பை உணரும் ஏற்பாட்டைச் சேர்க்காமல் மேசைமேல் விடக் கூடாது. தரைக்கு ஏற்றவை சக்கரங்களில் ஓடும் பெரிய பிளாஸ்டிக் ரோபோக்கள். மில்டன் பிராட்லி நிறுவனத்தின் 1979-ஆம் ஆண்டுப் பொம்மை வண்டியான பிக் டிராக்கைச் சிலர் ரோபோவென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தாழ்வான, அகன்ற உடலும் ஆறு சக்கரங்களும் கொண்ட அதுவே இந்த வேலைக்கு ஆம்னிபாட்டைவிடப் பொருத்தமான உடல்வாகு உடையது.

பெரிய ரோபோக்களுக்கு நான் பரிந்துரைப்பது, உள்ளே எதையும் வெட்டாமல், பழைய ரோபோ வாக்குவம் ஒன்றின் மேல் ரோபோவின் உடலை ஏற்றும் வழி. இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வாய், பிரஷ், ஃபில்டர், படிக்கட்டு உணரி எல்லாவற்றையும் ஒருவர் ஏற்கெனவே சரியாகச் செய்து வைத்திருக்கும்போது, அவற்றை மறுபடி மோசமாகச் செய்வதில் பெருமை எதுவுமில்லை. இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, தலைமேல் சுழலும் லேசர் கோபுரமோ, கூரையைப் பார்க்கும் கேமராவோ கொண்ட புதிய மாதிரிகளின் மேல் எதை வைத்தாலும் அவை குருடாகிவிடும். எனவே முட்டித் திரும்பும் பழைய மாதிரியைத்தான் தேட வேண்டும். இரண்டாவது எடை. இந்த இயந்திரங்களின் சக்கரங்கள் ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. மேலே ஏற்றும் சுமை கூடினால் உடல் தாழ்ந்து, பிரஷ் தரையில் அழுந்தி, மோட்டார் சூடாகி நின்றுவிடும். ரோபோவின் உள்ளேயிருக்கும் கேசட் பெட்டி, பழைய பேட்டரி, கியர் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வெற்று ஓடாக்கி, ஏறும் எடையை ஒரு கிலோவுக்குள் நிறுத்துவது பாதுகாப்பானது. பல ரூம்பாக்களில் ஏழு முனைகள் கொண்ட சிறிய வட்டச் சாக்கெட் இருக்கும். அதன் வழியாக வெளியிலிருந்து ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகை, அதாவது ஒரு சிறு கணினி, கட்டளையிடலாம், சென்சார்களைப் படிக்கலாம். பழைய தலைமுறை விநாடிக்கு 57600 பிட் என்ற வேகத்திலும், பின்வந்தவை 115200 பிட் என்ற வேகத்திலும் பேசும். அதே சாக்கெட்டின் இரண்டு முனைகளில் பேட்டரியின் நேரடி மின்னழுத்தம் வருகிறது என்பதை மறந்து அதை 5 வோல்ட் பலகையோடு இணைத்தால், பலகை அந்தக் கணமே போய்விடும். இடையில் ஒரு மின்னழுத்தக் குறைப்பி அவசியம். இந்த இணைப்பு இருந்தால், வாக்குவம் ஓடும்போது ரோபோவின் கண்கள் ஒளிரவும், முட்டும்போது தலை திரும்பவும் செய்யலாம். பொம்மைக்கு உயிர் வருவது அங்கேதான்.

உடலை ஏற்றியபின் எழும் முக்கியமான சிக்கல் உயரம். அடியிலுள்ள வாக்குவம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டுமே முட்டுவதை உணரும். மேலேயுள்ள தோளும் தலையும் மேசை விளிம்பிலோ கட்டிலின் சட்டத்திலோ இடிக்கும்போது அது தெரியாமல் சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். ரோபோவின் மார்பையும் தோளையும் சுற்றி ஒரு மெல்லிய வளையத்தை மைக்ரோ ஸ்விட்ச்களின் மேல் மிதக்கவிட்டு, அதன் சைகையையும் மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுக்க வேண்டும். உடலின் எந்தப் பகுதியும் வாக்குவத்தின் முன் பம்பரைத் தொடக் கூடாது, குப்பைப் பெட்டியை உருவும் வழியையும் மறைக்கக் கூடாது. இதில் கட்டிலுக்கு அடியில் சுத்தம் செய்யும் ஆசையைக் கைவிட்டுவிட வேண்டும்.

முழுவதையும் ரோபோவுக்குள்ளேயே செய்ய விரும்புகிறவர்கள் பேட்டரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மாற்றுவார்கள். மூன்று தொடராகவும் இரண்டு இணையாகவும் கட்டிய, 18650 என்ற அளவுடைய ஆறு லித்தியம் செல்கள், ஒவ்வொன்றும் 2.5 ஆம்பியர்-மணி என்றால், 54 வாட்-மணி தரும். உறிஞ்சு மோட்டார், பிரஷ், சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து 40 வாட் எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். செல்களைச் சமன்செய்யும் பாதுகாப்புப் பலகையும், பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸும் இல்லாமல் இதைக் கட்டக் கூடாது. பழைய காரீய பேட்டரி எடையாக அடியில் கிடந்து ரோபோ கவிழாமல் காத்தது என்பதால், அதை எடுத்துவிட்டு லேசான செல்களை வைத்தபின் அடித்தட்டில் இரும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தி எடையை ஈடுசெய்ய வேண்டியிருக்கும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகப் பொம்மைக்குள் கொண்டுவரும் யோசனையை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. அந்த உடல்கள் அதற்கான காப்போடு செய்யப்பட்டவை அல்ல.

கார்பன் பிரஷ் கொண்ட மோட்டார்கள் மின்னிரைச்சலைக் கிளப்பி, பழைய ரிமோட்டையும் புதிய மைக்ரோகன்ட்ரோலரையும் ஒருசேரக் குழப்பும். மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும், ஒவ்வொரு முனைக்கும் உறைக்கும் இடையிலும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர்களை மோட்டாரின் மேலேயே பற்றவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது: பிளாஸ்டிக் குழாயில் வறண்ட தூசி உரசிக்கொண்டு ஓடும்போது நிலைமின்னூட்டம் சேர்கிறது, அது பழைய சிமாஸ் (CMOS) வகைச் சிப்களைக் கொன்றுவிடும். குழாயினுள்ளே ஒரு வெற்றுச் செம்புக் கம்பியை ஓடவிட்டு அதை பேட்டரியின் எதிர்முனையோடு இணைப்பது எளிய தீர்வு. தரையைப் பெருக்கும் சுழல் பிரஷ்ஷில் முடி சுற்றிக்கொள்வது அன்றாட நிகழ்வு என்பதால், அதன் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து, வழக்கமான அளவைப்போல் ஒன்றரை மடங்கானதும் நிறுத்திவிடும் ஏற்பாடும் வேண்டும்.

ஆம்னிபாட்டின் கேசட்டில் ரிமோட்டின் கட்டளைகளைப் பதிவுசெய்து திரும்ப ஓட்டலாம். பிக் டிராக்கில் பதினாறு கட்டளைகள்வரை நினைவில் வைக்கலாம். இதையே சுத்தம் செய்யும் பாதையாகப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு திருப்பத்தில் இரண்டு பாகை தவறினால், மூன்று மீட்டர் போவதற்குள் ரோபோ 10 சென்டிமீட்டர் விலகிவிடும். நான்கைந்து திருப்பங்களுக்குப் பிறகு அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. முட்டித் திரும்பும் முறை பார்ப்பதற்கு மூடத்தனமாகத் தெரிந்தாலும், பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் குறை அதில் இல்லை. படிக்கட்டு உள்ள வீட்டில், கீழ்நோக்கிய அகச்சிவப்பு உணரிகள் குறைந்தது நான்கு இல்லாமல் ரோபோவைத் தனியே விடக் கூடாது.

பொருளின் வயதும் ஒரு தனிக் கவலை. பழைய தகரப் பொம்மைகளின் வண்ணத்தில் காரீயம் இருக்கக்கூடும். அதைத் தேய்க்கவோ சூடாக்கவோ வேண்டாம், துளையிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். பேட்டரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், ஆல்கலைன் செல்லின் கசிவை வினிகர் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் பெரும்பாலும் நொறுங்கும் நிலையில் இருப்பதால், பழைய திருகுத் துளைகளில் அழுத்தம் கொடுக்காமல், உள்ளே தனியொரு சட்டத்தை நிறுத்தி அதில் எல்லாவற்றையும் மாட்டுவது நல்லது. சிறு நைலான் கியர்கள் உலோகத் தண்டின் மேல் இறுக்கமாகப் பொருந்தியே ஆண்டுக்கணக்கில் இருந்ததால் பிளந்திருக்கும்; டக் டக்கென்ற ஒலியோடு சக்கரம் நின்று நின்று சுழன்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எல்லாப் பாகங்களும் பெட்டியும் சேர்ந்து, இயங்கும் நிலையிலுள்ள ரோபோவை இந்த வேலைக்கு எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. சர்க்கியூட் செத்து, கை ஒடிந்து, ரிமோட் காணாமற்போனதைத் தேடி எடுங்கள்; கழற்றிய ஒவ்வொன்றையும் பெயரெழுதிய உறையில் போட்டு வையுங்கள்.

முடிந்தபின் சோதிப்பதற்கு, வீட்டுச் சுத்த ரோபோக்களுக்கென்று ஐஇசி 62885-7 (முன்பு ஐஇசி 62929) என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது; நமக்கு அதன் எளிய வடிவம் போதும். ஒரு சதுர மீட்டர் தரையைச் சட்டம் வைத்து அடைத்து, 20 கிராம் உலர்ந்த மணலைச் சமமாகத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டுக் குப்பைப் பெட்டியை எடைபோடுங்கள். பாதிக்கும் குறைவாக வந்தால் மோட்டாரை மாற்றத் தோன்றும். அதற்கு முன் வாயின் இடைவெளியை அரை அரை மில்லிமீட்டராகக் குறைத்து மறுபடி எடைபோடுங்கள், பிறகு டிஷ்யூத் தாளை எடுத்துக்கொண்டு கசிவைத் தேடுங்கள். இரண்டையும் செய்த பிறகும் எண் ஏறாவிட்டால்தான் மோட்டாரைப் பற்றி யோசிக்க வேண்டும்.